மலைக்குப் போகிறவர்கள்

எங்கள் ஊரில் ‘மலைக்குப் போறது’ என்றால் ஒரே அர்த்தம்தான். கூலிக்குப் போவது. “ஒம் மகள எங்க காணோம்?” “மலைக்குப் போயிருக்கா.” இதற்கு மேல் யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள். ஏலத்தோட்டத்துக்குத்தான் என்பது கேட்பவருக்கும் தெரியும், சொல்பவருக்கும் தெரியும். ஆனால் பேப்பரிலும் வாரப் பத்திரிகையிலும் டிவியிலும் மலைக்குப் போவது என்றால் வேறு. அங்கே மலை என்றால் குளிர், பனிமூட்டம், தேனிலவு, குடும்பத்தோடு மூன்று நாள். ‘மூணாறில் சீசன் தொடங்கியது’, ‘தேக்கடியில் பயணிகள் குவிந்தனர்’, ‘மேகமலையில் இதமான சாரல்’ என்று வருகிற செய்திகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி எழுகிறது. ஒரே மலை, ஒரே ரோடு, ஒரே மழை. இந்தச் செய்திக்குள் எங்கள் தெரு ஜனங்கள் எங்கே இருக்கிறார்கள்?

காமயகவுண்டன்பட்டி கம்பம் பள்ளத்தாக்கில் இருக்கிறது. பள்ளத்தாக்கின் கிழக்கே மேகமலைத் தொடர். மேற்கே இருக்கிற மலையைத் தாண்டினால் கேரளத்து இடுக்கி மாவட்டம். அங்கே ஏறிப்போக எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு மூன்று வழி. கூடலூர், லோயர்கேம்ப் தாண்டிக் குமுளி ஒன்று. கம்பத்திலிருந்து ஏறுகிற கம்பம்மெட்டு இன்னொன்று. வடக்கே போடியிலிருந்து போடிமெட்டு. விடிகாலை நாலரை, ஐந்து மணிக்கெல்லாம் இந்த ரோடுகளில் ஜீப்புகள் ஏறும். பத்துப் பேர் உட்காருகிற ஜீப்பில் இருபது பேர். பெரும்பாலும் பெண்கள். தூக்குச்சட்டியும் பிளாஸ்டிக் தாளும் மடியில். ஒன்பது மணிக்கு மேல் அதே ரோட்டில் சுற்றுலாக் கார்களும் வேன்களும் ஏறத் தொடங்கும். சாயங்காலம் நாங்கள் இறங்குகிற நேரத்தில் அவர்கள் வளைவுகளில் வண்டியை நிறுத்திப் பள்ளத்தாக்கைப் போட்டோ எடுத்துக்கொண்டிருப்பார்கள். அந்தப் போட்டோவில் தெரிகிற பச்சை எங்கள் ஊர் வயல். போட்டோவுக்குக் குறுக்கே வந்துவிட்ட ஜீப்பில் இருப்பது நாங்கள்.

நான் ஏழாவது, எட்டாவது படித்த காலத்தில் காலாண்டுப் பரீட்சை லீவும் அரையாண்டுப் பரீட்சை லீவும் வந்துவிட்டால் எங்கள் தெருப் பிள்ளைகள் அம்மாமார்களோடு ஜீப் ஏறிவிடுவோம். செப்டம்பர் கடைசியும் டிசம்பர் கடைசியும் காய் எடுப்பு மும்முரமான நேரம். சின்னப் பிள்ளைகளுக்குப் பாதிக் கூலி. லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்ததும் தமிழ் வகுப்பில் கட்டுரை எழுதச் சொல்வார்கள். ‘நான் சென்ற சுற்றுலா’ என்பது தலைப்பு. நான் நடந்ததை எழுதினேன். குமுளிக்கு மேலே போனேன், நாலு மணிக்கு எழுந்தேன், நாள் பூராவும் மழை பெய்தது, அட்டை கடித்தது, கூலிக்காசில் பாவாடை சட்டை எடுத்தோம் என்று எழுதினேன். நோட்டு திரும்பி வந்தபோது சிவப்பு மையில் ஒரு வரி இருந்தது. ‘தலைப்பை ஒட்டி எழுதவும்.’ பக்கத்தில் இருந்த பிள்ளை கொடைக்கானல் ஏரியில் படகு விட்டதை எழுதி ‘நன்று’ வாங்கியிருந்தாள்.

அந்த ஆசிரியரைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. அவர் கையில் இருந்த தலைப்புக்குள் எங்கள் லீவுக்கு இடம் கிடையாது. அந்தத் தலைப்பை யார் போட்டது, எப்போது போட்டது என்பதுதான் பேச வேண்டிய விஷயம்.

சீசன் என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். சமவெளியில் வெயில் கொளுத்துகிற சித்திரை, வைகாசி மாதங்கள் மலைக்குச் சீசன். ஏப்ரல், மே. லாட்ஜுகளில் அறை வாடகை ரெண்டு மடங்காகும். ஆனால் ஏலத்தோட்டத்தில் அந்த ரெண்டு மாதமும் காய் இல்லாத மாதங்கள். களை எடுக்க, செடிக்குத் தண்ணீர் விட, மழைக்கு முன்னால் நிழல் மரங்களின் கிளையைக் கழிக்க என்று கொஞ்சம் பேருக்குத்தான் வேலை. மற்றவர்கள் வீட்டில் இருப்பார்கள். எங்கள் தெருவில் வட்டிக்கு வாங்குகிற மாதங்கள் இவை. ஜூன் பிறந்தால் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் வேண்டும். அப்போது கங்காணியிடம் முன்பணம் வாங்கினால் ஆடி, ஆவணியில் காய் எடுப்பு தொடங்கியதும் அந்தக் கடனுக்கு உழைக்க வேண்டும். ஊட்டியும் கொடைக்கானலும் மலர்க் கண்காட்சி நடத்துகிற காலத்துக்கு எங்கள் தெருவில் பேர் கடன் காலம்.

ஆனி, ஆடியில் கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும். மழையின் கனமெல்லாம் மலைக்கு அந்தப் பக்கம் கொட்டிவிடும். எங்கள் பக்கம் மழை மறைவு. மலை தாண்டி வருகிற காற்றும் சாரலும்தான் எங்களுக்கு. முல்லைப்பெரியாற்றுத் தண்ணீர் மட்டும் இல்லாவிட்டால் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் என்பது வெறும் பேச்சாகியிருக்கும். இந்த மழை மாதங்களை முன்பு ‘ஆஃப் சீசன்’ என்றார்கள். இப்போது அதற்கும் ஆள் பிடித்துவிட்டார்கள். ‘மழைக்கால சுற்றுலா’ என்று வாடகையைக் குறைத்து, ஜன்னலோரம் உட்கார்ந்து மழையைப் பார்க்கக் கூப்பிடுகிறார்கள். ஜன்னலுக்கு வெளியே தெரிகிற சரிவில்தான் காய் எடுப்பு நடக்கிறது.

ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. செடியின் அடியில், தரையை ஒட்டிப் படர்கிற சரத்தில் காய்க்கும். எடுக்கிறவள் குனிந்து, குத்தவைத்து, சேற்றில் நகர்ந்து நகர்ந்துதான் எடுக்க வேண்டும். எல்லாக் காயும் ஒரே நாளில் முத்தாது. முத்தினதை மட்டும் பார்த்துக் கிள்ளிவிட்டுப் போய், நாற்பது நாள் கழித்து அதே செடிக்குத் திரும்பி வர வேண்டும். மேலே இலையில் தேங்கின தண்ணீர் முதுகில் கொட்டிக்கொண்டே இருக்கும். பிளாஸ்டிக் தாளைக் கட்டினால் உள்ளே வேர்த்து நனையும், கட்டாவிட்டால் மழையில் நனையும். அட்டைக்குப் புகையிலையும் சுண்ணாம்பும் தடவுவார்கள். ஒரு மணி நேரத்தில் மழை அதைக் கழுவிவிடும். ஏலத்துக்குப் பூச்சி மருந்து அடிப்பது அதிகம். மருந்து அடித்த ஈரம் காயுமுன்னே அந்தச் செடிக்குள் கையை விடச் சொல்வார்கள். சாயங்காலம் விரல் நுனி தோல் உரிந்து வெளுத்துப்போய் இருக்கும். சோறு பிசைந்தால் எரியும். என் சின்னம்மா பல வருஷம் கரண்டியால்தான் சாப்பிட்டது. “ஒங்க சின்னம்மா தொரசானி மாதிரி சாப்புடுது பாரு” என்று தெருவில் கேலி பேசுவார்கள். அதுவும் சேர்ந்து சிரிக்கும்.

குமுளி ஏறக்குறைய 3,000 அடி உயரம். காலையில் அந்தக் குளிருக்குள் ஏறி, சாயங்காலம் ஈரத்துணியோடு கம்பத்து வெக்கைக்குள் இறங்குவது என்பது வருஷம் பூராவும் நடப்பது. குளிரும் சூடும் மாறி மாறி ஏறிய உடம்பு நாற்பது வயதில் மூட்டைப் பிடித்துக்கொள்ளும். துணி காயவே காயாது. அடுப்புக்கு மேலே கயிறு கட்டிப் புகையில் உலர்த்துவோம். வீடு பூராவும் புகையும் ஏலமும் கலந்த வாசம். வெளியூர்க்காரர்கள் யாராவது வந்தால், “அடடா, வீடே மணக்குதே” என்பார்கள். அம்மா அதைக் கேட்டு ஒன்றும் சொல்லாது.

2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ ஏலக்காய் 7,000 ரூபாய் வரை போனது. போடிநாயக்கனூரிலும் புற்றடியிலும் கம்ப்யூட்டர் வைத்து நடக்கிற ஏலம் அது. அன்றைக்கு ஜீப்பில் பெண்கள் அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டு போனார்கள். “ஏழாயிரமா! அப்ப நம்ம சேலையில ஒட்டிக்கிட்டு வாரதே நூறு ரூவாய்க்குத் தேறும்டி” என்றாள் ஒரு மதினி. சிரித்தார்கள். அந்த வாரம் கூலி ஒன்றும் கூடவில்லை.

எம்.ஏ. தமிழ் படிக்கப் போன பிறகுதான் மலையின் அழகைப் பற்றி நம் இலக்கணம் என்ன சொல்கிறது என்று முறையாகப் படித்தேன். குறிஞ்சிக்குப் பெரும்பொழுது கூதிரும் முன்பனியும். சிறுபொழுது யாமம். உரிப்பொருள் புணர்தல். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி, தை ஆகிய நாலு மாதக் குளிரும் நள்ளிரவும் காதலர் கூடுவதற்கு உரிய காலம் என்று வகுத்திருக்கிறார்கள். இன்றைக்குச் சுற்றுலா விளம்பரத்தில் தேனிலவுத் தம்பதியைப் பனிமூட்டத்துக்குள் நிற்க வைக்கிறவன் தொல்காப்பியம் படித்தவனாக இருக்க மாட்டான். ஆனால் குளிர் என்பது கூடுகிறவர்களுக்கான குளிர் என்ற அந்தப் பழைய கணக்கில்தான் அவனும் வியாபாரம் செய்கிறான்.

குறிஞ்சிப் பாட்டுகளில் வேலையே இல்லை என்று சொல்ல முடியாது. தினைப்புனம் காக்கிறார்கள், தேன் எடுக்கிறார்கள். ஆனால் அகப்பாட்டில் தினைப்புனக் காவல் தலைவனும் தலைவியும் சந்திக்க ஒரு வாய்ப்பாகவே வருகிறது. பரண் மீது இருக்கிறவளுக்கு விரல் உரிவதில்லை. இது தற்செயலா என்றால், இல்லை. அகத்திணையியலில் அடியோரையும் வினைவலரையும் பற்றி ஒரு நூற்பா உண்டு. அடிமைகளும் ஏவல் வேலை செய்கிறவர்களும் அன்பின் ஐந்திணைக்கு வெளியே வைக்கப்படுகிறார்கள். கைக்கிளையும் பெருந்திணையும்தான் அவர்களுக்கு. உரையாசிரியர் இளம்பூரணர் அதற்குக் காரணமும் சொல்கிறார். அறம், பொருள், இன்பம் மூன்றிலும் வழுவாமல் ஒழுகுவது பிறருக்குக் குற்றேவல் செய்பவர்களால் ஆகிற காரியமில்லை என்கிறார். அடுத்தவன் ஏவலுக்குக் கட்டுப்பட்டவனுக்கு நேரம் சொந்தமில்லை, அதனால் காதலும் சொந்தமில்லை, அதனால் நிலமும் பொழுதும் அவனுடைய பாட்டில் வராது. வகுப்பில் இந்த நூற்பாவை இலக்கணக் குறிப்பாகச் சொல்லிக் கடந்து போனார்கள். எனக்கு என் கட்டுரை நோட்டின் சிவப்பு மை ஞாபகம் வந்தது. ‘தலைப்பை ஒட்டி எழுதவும்’ என்பது ரொம்பப் பழைய கட்டளை.

இன்றைக்கு நாம் கோடைவாசஸ்தலம் என்று சொல்கிற இடங்களின் வரலாறும் இதிலிருந்து விலகியதில்லை. 1845இல் மதுரை அமெரிக்க மிஷன் பாதிரிமார்கள் காய்ச்சலுக்குத் தப்பிக் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டினார்கள். 1863இல் மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் ஓடையை மறித்து ஏரி உண்டாக்கினார். மோட்டார் ரோடு வருவதற்கு முன்பு பெரியகுளம் பக்கமிருந்து வெள்ளைக்காரர்களையும் அவர்கள் பெண்டு பிள்ளைகளையும் நாற்காலியிலும் டோலியிலும் உட்கார வைத்து மலைக்குத் தூக்கிப் போனார்கள். ஓய்வெடுக்கப் போனவர் பெயர் ஏரிக்கும் ரோட்டுக்கும் பங்களாவுக்கும் இருக்கிறது. தூக்கிப் போனவனின் பெயர் எங்கும் கிடையாது. தேக்கடிக்கு வாருங்கள். சுற்றுலாப் பயணிகள் படகு விடுகிற அந்த ஏரி இயற்கையாக உண்டானதல்ல. 1895இல் முடிந்த முல்லைப்பெரியாறு அணையில் தேங்கிய தண்ணீர் அது. பென்னிகுவிக் படம் எங்கள் பள்ளத்தாக்கில் பல வீடுகளில் சாமி படத்தோடு தொங்குகிறது. 2013இல் லோயர்கேம்ப்பில் மணிமண்டபம் திறந்தார்கள். அவருக்கு அந்த மரியாதை தகும். ஆனால் அந்தக் காட்டில் காலராவிலும் மலேரியாவிலும் செத்த கூலிகளின் வாரிசுகள் இன்றைக்கும் அந்த அணைத் தண்ணீர் பாய்கிற வயலில் நிலமில்லாமல் நாற்று நடுகிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுசாகும்.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிற சுருளி அருவிக்கும் இரண்டு கதை உண்டு. மேகமலைத் தண்ணீர் அங்கே விழுகிறது. ஆடி அமாவாசைக்கு ஆயிரக்கணக்கில் ஜனம் வரும். முன்னோருக்குத் திதி கொடுத்து, முங்கிக் குளித்து, உடுத்தின துணியைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டுப் போவார்கள். பாவம் கழிந்தது என்று நம்பிக்கை. கழிந்த பாவம் பாறை இடுக்கில் சேலையாகவும் வேட்டியாகவும் சிக்கிக் கிடக்கும். மறுநாள் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி அதை இழுத்துப் போடுகிற தூய்மைப் பணியாளர் எந்தச் சாதி என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சாரல் விழா என்று மேடை போடுவார்கள். மேடைக்கு முன்னால் குப்பை கூட்டுகிறவர்களுக்குச் சாரல் உண்டு, விழா கிடையாது.

ஆனால் என் அப்பத்தா சுருளியைப் பற்றி வேறு விதமாகச் சொல்லும். அதன் காலத்தில் ஊர்க் கிணற்றில் எங்கள் ஆட்கள் வாளி விடக் கூடாது. வேறு யாராவது இறைத்து ஊற்றினால்தான் தண்ணீர். “கெணத்துல மறிச்சுப்புட்டானுக, வாய்க்கால்ல மேல நின்னு கழுவாதன்னானுக. அருவியில மட்டும் ஒருத்தனும் மறிக்க முடியலடி. மேலயிருந்து நேரா நம்ம தலையில விழுகுது. கவுண்டன் தலையிலயும் அதேதான், நாயக்கன் தலையிலயும் அதேதான்.” வருஷத்தில் ஒரு நாள், ஆடி அமாவாசைக்கு, நடந்தே போய்க் குளித்துவிட்டு வருமாம். திதி கொடுக்கப் போவதில்லை. குளிக்க மட்டும். எங்கள் குடும்பத்தில் யாராவது ஒரு இடத்துக்குச் சும்மா போனார்கள் என்றால் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

இந்தப் பள்ளத்தாக்கில் பருவத்தைக் குலைப்பது மழை மட்டுமல்ல. 2011 டிசம்பரில் முல்லைப்பெரியாறு பிரச்சினை வெடித்துக் குமுளி எல்லை மூடப்பட்டபோது தேக்கடியில் கிறிஸ்துமஸ் சீசன் படுத்துவிட்டது என்று செய்தி வந்தது. அதே டிசம்பர் காய் எடுப்பின் உச்சம். தோட்டத்தில் மாட்டிக்கொண்ட தமிழ்ப் பெண்கள் பயந்து காட்டு வழியாக இறங்கி வந்தார்கள். அரிசிக்கு வழியில்லாமல் எங்கள் தெரு வாரக்கணக்கில் கிடந்தது. 2023இல் இன்னொரு விதம். சின்னக்கானலில் ஏப்ரல் 29 அன்று பிடித்துப் பெரியாறு புலிகள் காப்பகத்தில் கொண்டுபோய் விட்ட அரிக்கொம்பன் என்ற யானை, மேகமலைக்கு வந்து, மே 27ஆம் தேதி கம்பத்துக்குள்ளேயே நுழைந்துவிட்டது. ஒருவர் உயிர் போனது. 144 தடை போட்டார்கள். ஜூன் 5ஆம் தேதி அதைப் பிடித்து முண்டந்துறைப் பக்கம் கொண்டுபோகிற வரை சுருளி அருவி மூடல், தோட்டத்துக்குள் போகப் பயம். சீசனில் ஏமாந்த பயணிகள் வேறு ஊருக்குப் போனார்கள். அருவி வாசலில் கொய்யாவும் மாங்காயும் விற்கிற பெண்களுக்கும், திராட்சைத் தோட்டத்தில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து மருந்தடிக்கிற ஆட்களுக்கும் போக வேறு ஊர் இல்லை. பயணியும் கூலியும் ஒரே எல்லையில், ஒரே தடையில் நிறுத்தப்பட்டாலும், நிற்பது ஒன்றாக இருப்பதில்லை.

சுற்றுலா வருகிறவர்களுக்கு மலையின் கலாச்சாரம் என்றும் ஒன்றை டிக்கெட் போட்டுக் காட்டுகிறார்கள். குமுளியில் கதகளி உண்டு, களரி உண்டு, மசாலாத் தோட்டத்தைச் சுற்றிக் காட்டுவதும் உண்டு. மலையில் வேலை செய்கிறவர்களின் கலாச்சாரத்துக்கு டிக்கெட் கிடையாது, மேடையும் கிடையாது. ஆனால் அது இருந்தது, இருக்கிறது. 1956இல் தமிழர் நிறைந்த தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு சேர்ந்தன. 1958இல் தேவிகுளம் இடைத்தேர்தல் வந்தது. கம்யூனிஸ்ட் கட்சியின் ரோசம்மா புன்னூஸ் நின்றார். எங்கள் பக்கத்துப் பண்ணைப்புரத்திலிருந்து பாவலர் வரதராசன் மலையேறித் தேயிலைத் தோட்ட லயன்களுக்கு நடுவே பாடினார். ரோசம்மா ஜெயித்தார். பின்னாளில் மலைவாசஸ்தலப் பனியில் கதாநாயகனும் நாயகியும் ஆடிய எத்தனையோ டூயட்டுகளுக்கு இசை போட்ட இளையராஜா அந்தப் பாவலரின் தம்பி. அந்த இசையைக் கேட்டுத்தான் பலபேருக்கு மலை என்றால் காதல் என்று மனசில் பதிந்தது. அதே குடும்பம் கூலிக்காரர்களுக்குப் பாட மலையேறியது என்பதை எத்தனை பேர் சொல்லக் கேட்டிருக்கிறோம்?

மூணாற்றுக்குப் போகிறவர்கள் பச்சைக் கம்பளம் விரித்த மாதிரி இருக்கிறது என்பார்கள். அந்தக் கம்பளத்தை மட்டம் குலையாமல் வைத்திருப்பது நாள் தவறாமல் கொழுந்து எடுக்கிற பெண்களின் கை. 2015 செப்டம்பரில் அந்தக் கைகள் வேலையை நிறுத்தின. போனஸைக் கம்பெனி 10 சதவீதமாகக் குறைத்தது. பெரும்பாலும் தமிழ் தலித் பெண்களான கண்ணன் தேவன் தோட்டத் தொழிலாளிகள், ஆண்கள் தலைமை தாங்கிய சங்கங்களையும் ஒதுக்கி வைத்துவிட்டு, ‘பொம்பிளை ஒருமை’ என்று தங்களுக்குத் தாங்களே பெயர் வைத்துக்கொண்டு மூணாறு ரோட்டில் உட்கார்ந்தார்கள். சுற்றுலா வண்டிகள் நின்றன. ஊர் ஸ்தம்பித்தது. ஒன்பது நாள் கழித்து 8.33 சதவீதம் போனஸும் 11.67 சதவீதம் கருணைத் தொகையுமாகச் சேர்த்து 20 சதவீதம் கிடைத்தது. 232 ரூபாயாக இருந்த தினக்கூலியை 500 ஆக்கக் கேட்டார்கள். அடுத்த மாதம் 301 ஆனது. கேட்டது முழுசாகக் கிடைக்கவில்லை. ஆனால் அந்த ஒன்பது நாளும் மூணாற்றுக்கு வந்தவர்கள் மலையில் மனிதர்கள் இருப்பதைப் பார்த்தார்கள்.

2018 நீலக்குறிஞ்சி பூக்கிற வருஷம். 12 வருஷத்துக்கு ஒருமுறை. ராஜமலையில் பூப் பார்க்க எல்லா ஏற்பாடும் செய்திருந்தார்கள். ஆகஸ்டில் கேரளத்தையே முழுக்கிய வெள்ளம் வந்து அதைக் கெடுத்தது. குறிஞ்சிக்காக நாடே வருத்தப்பட்டது. ரெண்டு வருஷம் கழித்து 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு, அதே ராஜமலையை ஒட்டிய பெட்டிமுடியில் மலை சரிந்து நாலு லயன்களை மூடியது. 70 பேர். எல்லோரும் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தமிழ்க் குடும்பங்கள், பெரும்பாலோர் தலித்துகள், கயத்தாறு பக்கத்தைப் பூர்வீகமாகக் கொண்டவர்கள். செல்போன் தொடர்பு இல்லாததால் மறுநாள் காலையில்தான் வெளியே தெரிந்தது. அந்த மறுநாள் இரவு கோழிக்கோட்டில் விமான விபத்து நடந்து 21 பேர் இறந்தார்கள். விமானத்தில் இறந்தவர்களுக்கு மாநில அரசு 10 லட்சம் அறிவித்தது. பெட்டிமுடிக்கு அறிவித்தது 5 லட்சம். விமானம் விழுந்த இடத்துக்கு முதலமைச்சர் அடுத்த நாளே போனார். பெட்டிமுடிக்கு அவர் வந்தது ஆகஸ்ட் 13ஆம் தேதி. ஒரே மாநிலம், ஒரே மழை. சாவின் விலையைக் கூட மலைக்குப் போகிறவன் எதற்குப் போகிறான் என்று பார்த்துத்தான் போடுகிறார்கள்.

விடுமுறை என்ற சொல்லுக்கு நம் வரலாற்றில் ஒரு பங்கு உண்டு. பாபாசாகேப் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாக சபையில் தொழிலாளர் துறையைக் கவனித்தார். தொழிற்சாலைத் தொழிலாளிக்குச் சம்பளத்தோடு கூடிய விடுமுறை வேண்டும் என்று அவர் 1944இல் கொண்டுவந்த மசோதா 1945இல் சட்டமானது. வேலை செய்யாத நாளுக்கும் சோறு உண்டு என்பது இந்த நாட்டில் சட்டமானதில் நம் தலைவரின் கை இருக்கிறது. லீவு போட்டு மூணாறு போகிறவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்? 1951ஆம் வருஷத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டம் 20 நாள் வேலைக்கு ஒரு நாள் சம்பள விடுப்பு என்று எழுதியது. ஆனால் எந்தப் பதிவேட்டிலும் பெயர் இல்லாமல், இன்றைக்கு ஒரு தோட்டம் நாளைக்கு ஒரு தோட்டம் என்று ஜீப்பில் ஏறுகிறவளுக்கு அந்த 20 நாளை யார் எண்ணுவது?

நான் வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்கிய பிறகு அம்மாவைத் தேக்கடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அத்தனை வருஷம் குமுளி வழியாகப் போய் வந்த அம்மா அந்த ஏரியைப் பார்த்தது கிடையாது. “அதுக்குள்ளல்லாம் நம்மள விடுவானாத்தா?” என்று கேட்டது. டிக்கெட் எடுத்தால் விடுவான் என்றேன். படகில் ஸ்வெட்டர் போட்ட ஒரு சென்னைக்காரம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. “குளிர் நல்லா இருக்குல்ல?” என்று அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தது. அம்மா கொஞ்ச நேரம் அந்தக் கரையில் இருக்கிற காட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னது: “வேல இல்லாம வந்தா நல்லாத்தாம்மா இருக்கு.”

அம்மா அதைக் குறையாகச் சொல்லவில்லை. புதுசாக ஒன்றைத் தெரிந்துகொண்டவள் மாதிரிச் சொன்னது. அறுபது வயதில் ஒரு மனுஷி முதல் தடவையாகக் குளிரைக் குளிராக அனுபவிக்கிறாள் என்றால், அதுவரைக்கும் அந்தக் குளிர் யார் கணக்கில் இருந்தது?

சுற்றுலா போகாதீர்கள் என்று நான் யாரையும் கேட்கவில்லை. எங்கள் தெருப் பிள்ளைகளும் கூலிக்கில்லாமல் ஒரு தரம் மலையேற வேண்டும் என்பதுதான் என் ஆசை. அதற்கு ஜீப்புக்குப் பதிலாகத் தொழிலாளர்களுக்கென்று பஸ் விட வேண்டும். விபத்துக் காப்பீடு வேண்டும். வேலை நாளை எழுதிக் கொடுக்கிற அட்டை வேண்டும். தோட்டத்தில் பெண்கள் ஒதுங்கக் கக்கூஸும், மழைக்கு நிற்க ஒரு கூரையும் வேண்டும். கம்பத்தில் கூட்டம் போட்டு இதையெல்லாம் மனுவாகக் கொடுத்திருக்கிறோம். ஒரு மாநிலத்து அதிகாரி அடுத்த மாநிலத்தைக் கை காட்டுகிறார். சுற்றுலா வாரியங்கள் மட்டும் எல்லை தாண்டி விளம்பரம் செய்கின்றன.

இதைப் படிக்கிற மாணவத் தோழர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கல்லூரியில் எப்படியும் மூணாறு, தேக்கடி டூர் போடுவார்கள். போங்கள். ராஜமலைக்குப் போகும்போது வரையாட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாமல், பெட்டிமுடிக்காரர்களைப் புதைத்த இடம் எது என்று கேட்டுப் போய் நில்லுங்கள். குமுளியில் ஏலக்காய் வாங்கினால், அதை எடுத்தவளுக்கு இன்றைய கூலி எவ்வளவு என்று கடைக்காரரிடம் கேளுங்கள். அவருக்குத் தெரியாது என்றால், சாயங்காலம் ஐந்து மணிக்குக் குமுளியில் வந்து நிற்கிற ஜீப்பில் கேளுங்கள். அவர்கள் சொல்வார்கள். கேட்டதை எழுதுங்கள். எழுதிவிட்டு மேலே ‘நான் சென்ற சுற்றுலா’ என்றே தலைப்பு வையுங்கள்.